லெதருக்கு முன்னே, லெதருக்குப் பின்னே: வாசகர் கேள்வி பதில்

'லெதர்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆங்கிலத் தொடர்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்திலிருந்துதான். தோலிலேயே புழங்கும் ஊர்கள் என்பதால் கேள்விகளும் அகராதியோடு நிற்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஷூ கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மெயில்களில் ஓரிடத்தில் 'அப்பர் லெதர்' என்றும் இன்னோரிடத்தில் 'லெதர் அப்பர்' என்றும் வருகிறது. இரண்டும் ஒன்றுதானே?
*வாசகி, ஆம்பூர்*

ஒன்றல்ல. மாற்றி எழுதினால் விலையே மாறிப்போகும். ஆங்கிலத்தில் இரண்டு பெயர்ச்சொற்கள் அடுத்தடுத்து நின்றால் கடைசியில் நிற்பதுதான் சரக்கு. முன்னால் நிற்பது அது எப்படிப்பட்டது என்று சொல்லும் அடைமொழி. 'மாட்டுப்பால்' என்றால் பால், 'பால்மாடு' என்றால் மாடு. அதே கணக்குத்தான்.

'அப்பர் லெதர்' என்பது ஷூவின் மேல்பாகம் தைப்பதற்கென்று டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, தயாரித்துத் தரும் தோல். இன்னும் வெட்டவில்லை, தைக்கவில்லை. சதுர அடிக் கணக்கில் வாங்குகிறோம். 'லெதர் அப்பர்' என்பது வெட்டி, ஓரம் சீவி, தைத்து முடித்த மேல்பாகம். லாஸ்டில், அதாவது கால் வடிவ அச்சில், ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. ஜோடிக் கணக்கில் வாங்குகிறோம். சுங்கத் தாள்களிலும் இரண்டுக்கும் இடம் வேறு. பதனிட்ட தோல் 41-ஆம் அத்தியாயத்தில் வரும். தைத்த அப்பர் காலணி உதிரிபாகமாக 6406-இல் வரும். இன்வாய்ஸில் சொல் இடம் மாறினால் கிளியரிங் ஏஜென்ட்டிடமிருந்து போன் வந்துவிடும்.

'சோல் லெதர்', 'லெதர் சோல்' ஜோடியில் வித்தியாசம் இன்னும் பெரிது. சோல் லெதர் கெட்டியான தோல், வழக்கமாக எடைக்கு விற்பது, கிலோ கணக்கு. லெதர் சோல் என்பது வெட்டித் தயாரான அடிப்பாகம், ஜோடிக் கணக்கு. ஒருவர் கிலோ விலை சொல்ல, இன்னொருவர் ஜோடி விலை என்று புரிந்துகொள்ள, காஸ்டிங் ஷீட் தலைகீழாகிவிடும். 'லைனிங் லெதர்', 'லெதர் லைனிங்' இரண்டுக்கும் இதே விதி.

மெயில் அனுப்பும் முன் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் அளவைப் பாருங்கள். '5,000 பேர்ஸ்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் 'அப்பர் லெதர்' என்று இருந்தால் ஏதோ ஒன்று தவறு. அடிக்கடி கண்ணில் படப்போகும் இன்னும் சில: 'லெதர் கன்ஸம்ப்ஷன்' என்பது ஒரு ஜோடிக்கு வெட்டுக்கழிவும் சேர்த்து எத்தனை சதுர அடி பிடிக்கும் என்பது. 2.2 சதுர அடி என்று போட்டிருந்தால் 1,000 ஜோடிக்கு 2,200 சதுர அடி. 'லெதர் ஸ்வாட்ச்' என்பது நிறமும் தொடு உணர்வும் ஒப்புக்கொள்ள அனுப்பும் சின்னத் துண்டு. 'லெதர் இன்-ஹவுஸ் டேட்' என்பது தோல் உங்கள் கிடங்குக்குள் வந்து சேரும் நாள். டேனரியிலிருந்து கிளம்பும் நாள் அல்ல. 'நாமினேட்டட் டேனரி' என்றால் தோலை இந்த இடத்தில்தான் வாங்க வேண்டும் என்று பையரே, அதாவது ஷூவை வாங்கும் நிறுவனமே, குறித்துக் கொடுத்தது. விலை குறைவென்று வேறிடம் போக முடியாது.

கடையில் ஒரு பெல்ட்டில் 'ஜென்யூன் லெதர்', இன்னொன்றில் 'ப்யூர் லெதர்', மூன்றாவதில் 'ஃபுல் கிரெயின் லெதர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். எது உசத்தி?
*வாசகர், சத்துவாச்சாரி*

முதல் இரண்டும் தரத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. 'ஜென்யூன்', 'ரியல்' இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: இது மிருகத்தின் தோல், ரெக்ஸின் இல்லை. 'ப்யூர் லெதர்' நம் கடைவீதி ஆங்கிலம். வெளிநாட்டுப் பையருக்கு அனுப்பும் தாளில் அதை எழுத வேண்டாம். 'ஜென்யூன் லெதர் என்பது கடைசித் தர தோலுக்கு வைத்த பெயர்' என்று இணையத்தில் ஒரு பேச்சு உலாவுகிறது. அதுவும் சரியில்லை, அப்படி ஒரு தரவரிசை கிடையாது. ஆனால் நல்ல தோலைப் போட்டவர் அதை இன்னும் துல்லியமான பெயரில் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். வெறும் 'ஜென்யூன்' என்று மட்டும் நிறுத்தியவரிடம் சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது பெயர் தோலின் எந்த அடுக்கு என்று சொல்கிறது. மாட்டுத்தோல் தடிமனானது. பிளக்கும் இயந்திரத்தில் விட்டு மேலடுக்கு, கீழடுக்கு என்று படுக்கைவாட்டில் பிரிப்பார்கள். மயிர்க்கால் இருந்த மேல்முகத்துக்கு 'கிரெயின்' என்று பெயர். அதைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் 'ஃபுல் கிரெயின்'. உண்ணிக்கடி, முள் கிழித்த தழும்பு, சூடு போட்ட அடையாளம் எதையும் மறைக்க முடியாது என்பதால் நல்ல தோலாகத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். விலை ஏறுவது அதனால்தான். தழும்பு உள்ள தோலை உப்புத்தாளால் தேய்த்து, மேலே பிக்மென்ட் பூசி, தகட்டை அழுத்திச் செயற்கையாக மயிர்க்கால் அச்சுப் பதித்தால் அது 'கரெக்டட் கிரெயின்'. 'டாப் கிரெயின்' என்பது அகராதிப்படி மேலடுக்கு முழுவதையும் குறிக்க வேண்டும். சந்தையில் லேசாகத் தேய்த்த தோலுக்கே பெரும்பாலும் சொல்கிறார்கள். கீழடுக்குக்கு 'ஸ்ப்ளிட் லெதர்'. அதில் இயற்கையான மேல்முகம் இல்லை, நாரும் தளர்வு. மேலே பியூ (பாலியூரித்தேன்) படலம் ஒட்டி விற்றால் பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும். பெல்ட்டாகப் போட்டால் துளைப் பக்கத்தில் சீக்கிரம் படலம் விட்டுவிடும்.

கடையில் நின்றே பார்க்கக்கூடியது: புள்ளிகள் ஒரே சீராக, ஒரே வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்தால் தகட்டு அச்சு. ஃபுல் கிரெயினில் புள்ளிகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் விலகியும் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லிய சுருக்கங்கள் விரிந்து எழும். வெட்டிய ஓரத்தில் பாருங்கள், நார் தெரிந்தால் தோல், துணி இழை தெரிந்தால் ரெக்ஸின். ஓரத்தையே பெயின்ட் அடித்து மூடியிருந்தால் பக்கிள் மாட்டும் மடிப்புக்குள் பாருங்கள்.

ஷூவாக இருந்தால் இன்னும் எளிது. ஐரோப்பாவுக்குப் போகும் ஜோடிகளில் சொல்லுக்குப் பதில் படம் இருக்கும். விரித்துப் போட்ட தோலின் வடிவம் இருந்தால் லெதர். அதே வடிவத்துக்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் 'கோட்டட் லெதர்', அதாவது பூச்சு 0.15 மில்லிமீட்டருக்கு மேல், ஆனால் மொத்தத் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல். வெறும் சாய்சதுரம் என்றால் பிற பொருள். வலை போன்ற கட்டம் துணி. மேல்பாகத்தின் பரப்பில் குறைந்தது 80 சதவீதம் எதுவோ அதன் படத்தைப் போட வேண்டும். எதுவும் 80-ஐத் தொடவில்லை என்றால் முக்கியமான இரண்டையும் போட வேண்டும். ஆம்பூர் ஏற்றுமதி மிச்சம் என்று கடைகளில் கிடைக்கும் ஜோடிகளைத் திருப்பிப் பார்த்தால் இந்தப் படங்கள் இருக்கும்.

'வெட் ப்ளூ', 'கிரஸ்ட்', 'ஃபினிஷ்டு லெதர்' — மூன்றும் மூன்று வகைத் தோலா? நேர்முகத் தேர்வில் கேட்டார்கள், சொல்லத் தெரியவில்லை.
*டிப்ளமா மாணவர், ராணிப்பேட்டை*

மூன்று வகை அல்ல, ஒரே தோலின் மூன்று கட்டம். நேர்முகத் தேர்வில் இந்த ஒரு வாக்கியத்தை முதலில் சொல்லியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியிருப்பீர்கள்.

சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவிய தோலுக்கு 'பெல்ட்' என்று பெயர். இடுப்பில் கட்டும் பெல்ட்டுக்கும் இதற்கும் எழுத்தும் வேறு, பொருளும் வேறு. அந்த எடையை வைத்துத்தான் குரோம் ஏற்றும் வரையிலான சதவீதக் கணக்கு. சுண்ணாம்பை நீக்கி, என்சைமில் இளக்கிய பிறகு பிக்கிள்: உப்புத் தண்ணீரில் கந்தக அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துத் தவணையாக விட்டு பி.எச். 2.8 பக்கம் கொண்டுவருவார்கள். உப்பு போதாமல் அமிலம் விழுந்தால் தோல் ஊதிப் பருத்துவிடும். அந்தத் தோல் பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் திடமாக வராது. அடுத்து பேஸிக் குரோமியம் சல்ஃபேட், பெல்ட் எடையில் வழக்கமாக 8 சதவீதத்தை ஒட்டி. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் சில மணிநேரம் ஓடிய பின் தடிமனான கழுத்துப் பக்கத்தில் ஒரு வெட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். நடு வரை நீலம் ஏறியிருக்க வேண்டும். ஏறியதும் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச்.-ஐ 3.8-க்கும் 4-க்கும் நடுவே ஏற்றுவார்கள். அவசரப்பட்டு ஒரே மூச்சில் கொட்டினால் குரோம் மேற்பரப்பிலேயே படிந்து கிரெயின் சொரசொரப்பாகும், நடு வேகாது.

கடைசியில் 'பாயில் டெஸ்ட்'. சின்னத் துண்டை வெட்டித் தாளில் வைத்து அளவு வரைந்துகொண்டு, கொதிக்கும் நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து அதே கோட்டின்மேல் வைத்துப் பார்ப்பது. சுருங்காமல் இருந்தால் தேறியது. இப்படி ஈரமாகவும் நீலமாகவும் இருக்கும் கட்டம்தான் 'வெட் ப்ளூ'. நீலம் சாயம் அல்ல, குரோமியம் தரும் நிறம். பாதிக்கு மேல் ஈரம் இருப்பதால் பூஞ்சை பிடிக்கும். அதனால் பூஞ்சைக்கொல்லி சேர்த்து, பிளாஸ்டிக் தாளால் மூடி அடுக்குவார்கள். மூடாமல் விட்ட அடுக்கின் ஓரம் காய்ந்துவிட்டால் மறுபடி தண்ணீரை ஏற்காது, பிறகு சாயம் போடும்போது அந்த இடம் திட்டாகத் தெரியும்.

வெட் ப்ளூவைத் தேவையான தடிமனுக்குச் சீவி, மறுபதனம் செய்து, சாயமேற்றி, எண்ணெய் கொடுத்துக் காயவைத்தால் 'கிரஸ்ட்'. ரொட்டியின் மேலோட்டைச் சொல்லும் 'கிரஸ்ட்' என்று நினைத்துவிட வேண்டாம். மேற்பூச்சு இல்லாத காய்ந்த தோல் என்பதுதான் பொருள். அதன்மேல் ஸ்ப்ரே, தகட்டு அழுத்தம், மெருகு எல்லாம் முடிந்தால் 'ஃபினிஷ்டு லெதர்'. 1970-களில் பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்த பிறகுதான் நம் வட்டாரத்தில் ஃபினிஷிங்கும் ஷூ தைப்பும் பெருகின.

'டூ லெதர்ஸ்' என்று சொல்லலாமா?
*வாசகர், வாணியம்பாடி*

இரண்டு வகைத் தோல் என்ற பொருளில் சொல்லலாம். இரண்டு எண்ணிக்கை என்ற பொருளில் கூடாது. எண்ணுவதற்கு வேறு சொல் உண்டு: ஆடு, கன்று போன்ற சிறியதற்கு 'ஸ்கின்', மாடு, எருமைக்கு 'ஹைட்', முதுகுத்தண்டோடு நடுவே வெட்டிய பாதிக்கு 'சைடு', துண்டானால் 'பீஸ் ஆஃப் லெதர்'. 'மேட் ஆஃப் லெதர்' என்பதே வழக்கு. தோல்தான் பொருளாகக் கண்ணுக்குத் தெரிகிறதே, அதனால் 'ஆஃப்'. 'மேட் ஃப்ரம்' என்று எழுதினால் தலை போகிற தப்பில்லை. 'மேட் பை லெதர்' என்றால் தோலே உட்கார்ந்து செய்தது என்றாகும்.

அமெரிக்கப் பையர் 'த்ரீ டு ஃபோர் அவுன்ஸ் லெதர்' கேட்கிறார். ஒரு தோலின் எடை நூறு கிராமா? அப்புறம், தோலின் பின்பக்கம் '12²' என்று எழுதியிருப்பது 144-ஆ?
*வாசகர், மேல்விஷாரம்*

இரண்டும் எடையும் இல்லை, வர்க்கமும் இல்லை. அவுன்ஸ் இங்கே தடிமன். ஒரு சதுர அடித் தோல் ஒரு அவுன்ஸ் எடை இருந்தால் அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு என்ற பழைய கணக்கிலிருந்து வந்தது. மில்லிமீட்டரில் 0.4. ஆக 3 முதல் 4 அவுன்ஸ் என்றால் 1.2 முதல் 1.6 மில்லிமீட்டர். நம் டேனரிகளில் அவுன்ஸ் சொன்னால் விழிப்பார்கள். மில்லிமீட்டராக மாற்றி, 'திக்னெஸ் கேஜில் 1.2 – 1.6' என்று எழுதிவிடுங்கள். இவ்வளவு அகல இடைவெளியைப் பையர் உண்மையிலேயே ஒப்புக்கொள்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். ஷூ அப்பருக்கு 1.2 – 1.4 என்று நெருக்கிக் கேட்பதே வழக்கம், ஒரே ஜோடியில் ஒரு கால் தடியாகவும் ஒரு கால் மெலிசாகவும் வந்தால் லாஸ்டிங்கில் தெரிந்துபோகும்.

தோலின் பின்பக்கத்தில் மேலே சின்னதாக நிற்கும் எண் கால் அடிகளின் எண்ணிக்கை. 12² என்றால் பன்னிரண்டும் இரண்டு காலும், அதாவது 12.5 சதுர அடி. 12³ என்றால் 12.75. பாக்கிங் லிஸ்ட்டைக் கணினியில் ஏற்றும்போது 12² என்பதை 12.2 என்று அடித்துவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஒரு தோலுக்கு 0.3 அடி குறையும். ஒரு லாட் முழுக்கச் சேர்ந்தால் அளவுச் சண்டைக்கு அதுவே போதும். ஐரோப்பியர் சதுர மீட்டரில் கேட்டால், 1 சதுர மீட்டர் 10.76 சதுர அடி.

'பேட்டன்ட் லெதர்' என்பதற்கும் பேட்டன்ட் உரிமைக்கும் சம்பந்தம் உண்டா? அந்த ஷூவுக்கு என்ன பாலிஷ் போடுவது?
*வாசகி, காட்பாடி*

உண்டு. பளபளப்பான பூச்சு ஏற்றும் முறைகளுக்கு அந்தக் காலத்தில் காப்புரிமை வாங்கியிருந்தார்கள், பெயர் தோலோடு ஒட்டிக்கொண்டது. முன்பு ஆளிவிதை எண்ணெய் வார்னிஷைப் பல தடவை பூசிக் காயவைப்பார்கள். இப்போது பாலியூரித்தேன் பூச்சு. இன்று யார் செய்தாலும் அது பேட்டன்ட் லெதர்தான், உரிமை எதுவும் மிச்சமில்லை.

பாலிஷ் எதுவும் வேண்டாம். மெழுகு பாலிஷ் பூச்சுக்குள் இறங்காது, மேலே மங்கலாகப் படியும். ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த துணியால் தேய்த்தால் போதும். உண்மையான ஆபத்து வேறு. வெளிர் நிறப் பேட்டன்ட் ஷூவையும் கறுப்பு ஷூவையும் ஒன்றோடொன்று உரசும்படி ஒரே பெட்டியில் வைத்தால் கறுப்புச் சாயம் பூச்சுக்குள் ஊறிவிடும். அது எந்தத் துடைப்புக்கும் போகாது. வெயில் ஏறும் பீரோவில் வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். தனித்தனித் துணிப்பையில் போட்டு வையுங்கள். அச்சடித்த செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மையும் அப்படியே ஏறும்.

ஸ்வேட், நூபக், நாப்பா — சுருக்கமாக வித்தியாசம் சொல்லுங்கள்.
*வாசகர், குடியாத்தம்*

உள்பக்கத்தை, அதாவது சதைப்பக்கத்தைத் தேய்த்துப் பஞ்சுபோல் ஆக்கினால் ஸ்வேட். மேல்முகத்தை லேசாகத் தேய்த்தால் நூபக், நார் நெருக்கம் என்பதால் அதிக மென்மை, அதிக விலை. இரண்டையும் விரலால் தடவினால் கோடு விழும். மேல்முகம் தேய்க்காத, மிருதுவான, பெரும்பாலும் ஆட்டுத்தோலில் செய்வது நாப்பா. ஸ்வேடுக்கும் நூபக்குக்கும் பிரஷ்தான், எண்ணெய் கூடாது. ஸ்வேடை 'சூட்' என்று படிக்க வேண்டாம். சுவீடன் நாட்டின் பிரெஞ்சுப் பெயரிலிருந்து வந்தது.

'குரோம் ஃப்ரீ லெதர்', 'வெஜிடபிள் டேன்டு லெதர்', 'ஈ.ஐ. லெதர்' மூன்றும் ஒன்றா? காய்கறியில் பதனிடுவதா?
*வாசகர், பேரணாம்பட்டு*

இங்கே 'வெஜிடபிள்' என்பது தாவரம் என்ற பொருளில். பட்டை, காய், மரச்சாறு ஆகியவற்றிலுள்ள துவர்ப்பில் பதனிட்டது 'வெஜிடபிள் டேன்டு'. நம் பக்கத்து ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அந்தக் குடும்பம். ஈ.ஐ. லெதர் என்பது 'ஈஸ்ட் இந்தியா' என்பதன் சுருக்கம். ஆவாரம்பட்டையிலும், பின்னாளில் வாட்டில் பட்டைச் சாற்றிலும் பதனிட்டு, கடுக்காய் கொடுத்து, எண்ணெய் தடவி முடிக்கும் நம் பழைய முறை. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. கடுக்காய் வெறும் சம்பிரதாயம் இல்லை. பட்டையில் மட்டும் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும், அதைக் கட்டுப்படுத்தத்தான் கடுக்காய்.

'குரோம் ஃப்ரீ' என்பது இதைவிடப் பெரிய வட்டம். எதில் பதனிட்டாலும் சரி, காய்ந்த தோலில் மொத்தக் குரோமியம் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதனால் வெஜிடபிள் டேன்டு பெரும்பாலும் குரோம் ஃப்ரீ, ஆனால் குரோம் ஃப்ரீ எல்லாம் வெஜிடபிள் டேன்டு அல்ல. சிந்தெடிக் டேனின், ஆல்டிஹைடு போன்றவற்றில் பதனிட்டு வெள்ளையாக வரும் 'வெட் ஒயிட்'டும் குரோம் ஃப்ரீதான். குரோம் ஓடிய அதே டிரம்மைச் சரியாகக் கழுவாமல் ஓட்டினால் 0.1-ஐத் தாண்டிவிடும். சோதனை அறிக்கையில் தோற்ற பிறகுதான் பலருக்கு அது தெரிகிறது.

பையர் 'குரோம் சிக்ஸ் ஃப்ரீ' என்று கேட்டால் அது மூன்றாவது விஷயம். பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது தோலுக்குள்ளேயே ஆக்ஸிஜனேற்றம் பெற்று ஆறாம் நிலையாக மாறினால் தோல் ஒவ்வாமை வரும். ஐரோப்பாவில் 2015 மே மாதம் முதல் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது உச்சவரம்பு. மட்டமான மீன் எண்ணெய் ஃபேட்லிக்கர் (தோலை இளக்கக் கொடுக்கும் எண்ணெய்க் கலவை), காரம் கூடிய சலவை, கிடங்கில் சூடு, எல்லாம் அதைக் கிளப்பிவிடும். மறுபதனத்தில் கொஞ்சம் தாவரத் துவர்ப்புச் சேர்த்தால் அடங்கும். ஆக, நல்ல குரோம் தோலும் 'குரோம் சிக்ஸ் ஃப்ரீ' ஆக முடியும். 'குரோம் ஃப்ரீ' ஆக முடியாது. ஒரு 'சிக்ஸ்' விட்டுப்போனால் பர்ச்சேஸ் ஆர்டரின் பொருளே வேறு.

இரண்டு வருடம் முன் வாங்கிய 'பாண்டட் லெதர்' சோபா செதில் செதிலாக உரிகிறது. லெதர் உரியுமா?
*வாசகி, திருப்பத்தூர்*

லெதர் உரியாது, வெடிக்கும். உரிவது மேலே ஒட்டிய படலம். பாண்டட் லெதர் என்பது தோல் கழிவை அரைத்து நாராக்கிப் பசையில் பிணைத்த தாள், மேலே பாலியூரித்தேன். ஐரோப்பிய வரையறைப்படி எடையில் பாதியாவது தோல் நார் இருக்க வேண்டும், பெயரும் 'லெதர் ஃபைபர் போர்டு'. வெயிலும் வியர்வையும் ஈரக்காற்றும் பாலியூரித்தேனைச் சிதைக்கும். தலை சாய்க்கும் இடமும் கை வைக்கும் இடமும் முதலில் போவது அதனால்தான். எண்ணெயோ கண்டிஷனரோ தடவிப் பயனில்லை. உறையை மாற்றுவதுதான் வழி. மாற்றும்போது கடைக்காரர் 'பியூ லெதர்', 'லெதரெட்', 'ஃபாக்ஸ் லெதர்', 'வீகன் லெதர்' என்று எதைச் சொன்னாலும் நம் ஊர்ப் பேச்சில் அது ரெக்ஸின். ரெக்ஸின் என்பதும் ஒரு பிரிட்டிஷ் வணிகப்பெயர்தான். இத்தாலியில் 2020 முதல் மிருகத் தோல் அல்லாத பொருளுக்குத் தோல் என்ற பெயரையே வைக்கக் கூடாது என்று சட்டம்.

பையர் அனுப்பும் புகார் மெயிலில் 'கிராக்', 'க்ரீஸ்', 'ப்ளீட்', 'க்ராக்கிங்', 'லூஸ்' என்று வருகிறது. எல்லாமே 'தோல் சரியில்லை' என்பதுதானா?
*க்யூ.சி. ஊழியர், ஆம்பூர்*

ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி வேறு, அதனால் பதில் மெயிலும் வேறு. 'க்ரீஸ்' என்பது நடக்கும்போது விரல் மடியும் இடத்தில் விழும் மடிப்பு. இது எல்லாத் தோலிலும் விழும், நுண்ணியதாக இருந்தால் குறையே இல்லை. பெரிய பெரிய மடிப்பாக, குழாய்போல் எழுந்தால் அது 'லூஸ் கிரெயின்'. மேல்முகமும் உள்நாரும் பிடிப்பு விட்டுப்போனது. தோலைக் கிரெயின் உள்ளே வரும்படி மடித்துப் பார்த்தால் வெட்டும் முன்பே தெரியும். வயிற்றுப் பக்கத் துண்டை வேம்ப்புக்கு (மேல்பாகத்தின் முன்பகுதிக்கு) வெட்டினாலும் இதே கதிதான், அப்போது தவறு டேனரியுடையது அல்ல, கட்டிங் டேபிளுடையது. வேம்ப்பை முதுகுப் பகுதியில், இழுபடாத திசை முனையிலிருந்து குதிகாலுக்கு ஓடும்படி வெட்ட வேண்டும். வயிற்றுப்பகுதியை நாக்குக்கும் உள்மறைவுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

'கிராக்' என்றால் வெடிப்பு. வெடித்தது பூச்சா, கிரெயினா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கீழே நார் தெரிந்தால் கிரெயின் கிராக். லாஸ்டிங்கில் முனையை இழுக்கும்போதே வெடித்தால் தோல் மிகக் காய்ந்திருக்கலாம், முனையை ஆவியில் இளக்கிய பிறகு இழுக்கிறார்களா என்று கவனியுங்கள். 'ப்ளீட்' என்பது ஈரத்தில் சாயம் கசிவது, வெள்ளைச் சாக்ஸ் நிறம் மாறுவது இதனால். 'க்ராக்கிங்' எழுத்தில் வேறு சொல், 'கிராக்'கோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. உரசினால் நிறம் ஒட்டுவது. காய்ந்த துணியில் ஒட்டினால் 'ட்ரை', ஈரத்துணியில் ஒட்டினால் 'வெட்'. இந்த இரண்டையும் மாற்றிப் படித்துவிட்டு, 'எங்கள் ஷூவில் வெடிப்பே இல்லை' என்று படம் எடுத்து அனுப்பினால் பையருக்குக் கோபம்தான் வரும்.

கறுப்பு ஷூவில் வெள்ளைப் படலம் பூத்தால் 'ஸ்பியூ' என்று எழுதுவார்கள். ஹேர் ட்ரையர் சூட்டில் மறைந்தால் கொழுப்பு, ஈரத்துணியில் மறைந்தால் உப்பு, இரண்டிலும் சரியாக மறையாமல் முடைநாற்றம் அடித்தால் பூஞ்சை. மூன்றுக்கும் மூன்று மருந்து, அதனால் பதில் எழுதும் முன் ஒரு ஷூவில் இதைச் செய்து பார்த்துவிடுங்கள்.

'ஹெல் ஃபார் லெதர்' என்றால் தோலுக்கு நரகமா? லெதரை வைத்து வேறு சொலவடைகள் உண்டா? உச்சரிப்பையும் சொல்லவும்.
*பிளஸ் டூ மாணவி, வாலாஜாப்பேட்டை*

தலைதெறிக்க ஓடுவது என்று பொருள். 'ஹி ரோட் ஹெல் ஃபார் லெதர்' என்பார்கள், குதிரைச் சேணத் தோலை நினைத்து எழுந்தது என்பது பொதுவான கருத்து. 'ஷூ லெதர் ரிப்போர்ட்டிங்' என்றால் போனில் கேட்டு எழுதாமல் நடையாய் நடந்து சேகரித்த செய்தி. 'லெதர் ஆன் வில்லோ' கிரிக்கெட் பந்து மட்டையில் படும் சத்தம். பேட்ஸ்மேன் வெளுத்துக்கட்ட ஃபீல்டர்கள் பந்தின் பின்னால் ஓடினால் 'லெதர் ஹன்ட்'. 'லெதரி' என்ற அடைமொழியை இலைக்குச் சொல்லலாம், அதிகம் வெந்த கறிக்குச் சொன்னால் குறை, ஒருவர் முகத்துக்குச் சொன்னால் சண்டை. பிரிட்டிஷ் கொச்சையில் 'லெதர்டு' என்றால் குடித்து மட்டையானவர், தேர்வுத் தாளில் வேண்டாம்.

உச்சரிப்பில் நமக்குக் கஷ்டமே இல்லை. 'அது', 'இது' என்பதில் வரும் மெல்லிய 'த'தான் லெதரிலும் வருகிறது, 'வெதர்', 'ஃபெதர்' போல. 'லெட்டர்' என்று அழுத்தினால் கடிதமாகிவிடும். கார் துடைக்கும் 'ஷாமி லெதர்' மட்டும் எழுத்தைப் பார்த்தால் 'சமாய்ஸ்' போல இருக்கும். வாயில் ஷாமிதான். மீன் எண்ணெயில் பதனிட்ட ஆட்டுத்தோலின் சதைப்பக்க அடுக்கு அது. ஈரமாக்கிப் பிழிந்த பிறகுதான் தண்ணீரை உறிஞ்சும், காய்ந்ததோடு தேய்த்தால் பெயின்ட்டில் கீறல் விழும்.